மின்னேற்றச் செவிக்கருவியும் அதன் துணைகளும்

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தருக என்று மாணவப் பத்திராசிரியர் கேட்டபொழுது, இலக்கியப் பொருள் ஒன்றையே அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். முப்பது ஆண்டுகளாக அப்பொருளையே பேசியும் எழுதியும் வந்தவன் யான். ஆயினும், நாள்தோறும் என் செவியின்மீது அமர்ந்திருக்கும் சிறு பொறி ஒன்றைப்பற்றி எழுதுதலே இவ்வாண்டு எனக்குக் கடமையெனப்பட்டது. அதற்குக் காரணம் நாணமே.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், வகுப்பு முடிந்து மாணவர் கலைந்துகொண்டிருந்த வேளையில், பின்வரிசை மாணவர் ஒருவர் என் மேசையருகே வந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பெஞ்சுகள் நகரும் ஓசையும் தாழ்வாரத்து இரைச்சலும் சேர்ந்த அந்நேரத்தில் அவர் சொல்லில் ஒன்றேனும் எனக்குப் புலப்படவில்லை. போட்டி எதிலோ பரிசு பெற்றார் போலும் என்று யானாகவே ஊகித்து, முகமலர்ந்து, "நல்லது தம்பி, மிக்க மகிழ்ச்சி" என்றேன். அவர் சிறிது நேரம் என் முகத்தையே நோக்கி நின்றுவிட்டு வெளியே போயினார். அவருடைய தந்தையார் முதல்நாள் இரவு காலமானார் என்பதும், ஊருக்குச் செல்ல விடைபெறவே என்னிடம் வந்தார் என்பதும் மறுநாள்தான் உடனாசிரியர் ஒருவர் வாயிலாக அறிந்தேன். அந்தக் காலைப்பொழுதில் என் மேசை இழுப்பறைக்குள், பணம் கொடுத்து வாங்கிய செவிக்கருவி இணை ஒன்று அதன் பெட்டியிலேயே உறங்கிக்கொண்டிருந்தது.

செவியில் இருக்கவேண்டிய கருவி இழுப்பறையில் ஏன் கிடந்தது? இதனை ஆராய்ந்த பின்னரே கருவிகளை மதிப்பிடும் முறை எனக்கு ஒருவாறு விளங்கிற்று. அணிந்தால் அது கீச்சிட்டது. சமையலறையில் ஒரு தட்டு வீழ்ந்தாலும் தலை அதிர்ந்தது. பாடத்தின் நடுவே பாட்டரி தீர்ந்து ஊமையாயிற்று. கருவியே குற்றமுடையது என்று முடிவுகட்டி, இதனினும் விலை மிகுந்த ஒன்றை வாங்கவேண்டும்போலும் எனப் பணம் சேர்க்கத் தலைப்பட்டேன். அங்ஙனம் எண்ணியது பிழை. தரத்தில் ஒரு படி உயர்ந்த கருவிக்கென ஒருவர் மிகுதியாகச் செலவிடும் பணத்தை, தம் காதுக்கு அளந்து பொருத்திக்கொள்வதிலும், ஏற்ற துணைக்கருவி ஒன்றை வாங்குவதிலும் செலவிடுதலே அறிவுடைமை என்பது என் துணிபு. அதனை நிறுவவே பின்வருவனவற்றை எழுதுகின்றேன்.

முதலாவது, செவிக்குறை என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். அஃது ஒலி முழுவதும் ஒரே அளவில் தேய்ந்துபோதல் அன்று. உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பொன்றில் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் உள. முதுமையாலும் பேரிரைச்சலாலும் அழியுமிடத்து, உயர்ந்த அதிர்வுகளை வாங்கும் பகுதியிலுள்ளவையே பெரும்பாலும் முதலில் அழியும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. தமிழ் பயில்வோர்க்கு இதனை எளிதில் உணர்த்தலாம். உயிரொலிகளின் வலிமையில் பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வுகளில் உளது. வல்லின மெய்களைப் பிரித்தறிவிக்கும் அடையாளங்களோ பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளில் உள. ஆகவே, என்போன்றார்க்கு உயிர் கேட்கும், மெய் கேளாது. கட்டு, தட்டு, பட்டு என்னும் மூன்றும் ஒரு சொல்லேயாம். "காது கேட்கவில்லை" என்று நாங்கள் சொல்வதினும் "பேசுவது கேட்கிறது, என்னவென்றுதான் விளங்கவில்லை" என்று சொல்வதே மிகுதி. வீட்டிலுள்ளோர் இதனைக் கவனக்குறைவு என்றும், சிலவேளை பாசாங்கு என்றும் கொள்வர். என் இல்லத்திலும் அவ்வாறே கொண்டனர்.

இன்னுமொரு சங்கடமும் உண்டு. மெல்லொலி கேளாத அதே செவிக்கு வல்லொலி பிறர்க்குப் போலவே, சிலவேளை அவர்க்கினும் கொடிதாக, உறைக்கும். எனவே, எல்லா ஒலியையும் ஒருங்கே பெருக்கித் தரும் பொறி பயனற்றது. எந்த அதிர்வில் எத்துணைக் குறை என்று அறிந்து, மெல்லொலியை மிகுத்தும் வல்லொலியை அடக்கியும் தருதல் வேண்டும். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஒலித்து, ஒவ்வொரு படியிலும் எத்தனை டெசிபெல்லில் செவி விழிக்கின்றது எனக் கோடிட்டுக் காட்டும் படமே ஆடியோகிராம் எனப்படும். அதனைக் கணக்கிட்டு இன்ன படிக்கு இத்துணைப் பெருக்கம் என விதிக்கும் வாய்பாடுகள் உண்டு. அவற்றுள் ஆஸ்திரேலிய தேசிய ஆய்வகத்தார் வகுத்ததும், கனடா நாட்டு மேற்கு ஒண்டாரியோ சர்வகலாசாலையார் வகுத்ததும் உலகெங்கும் வழங்குவன. இங்ஙனம் நிபுணர் அளந்து விதித்துப் பொருத்துவதே சீட்டுக் கருவி. அமெரிக்க நாட்டார் 2022 அக்டோபர் முதல், 18 வயது நிரம்பியோர் இலேசான குறைக்கும் நடுத்தரக் குறைக்கும் நிபுணரை நாடாது கடையில் நேரே கருவி வாங்கலாம் என இசைந்தனர். ஏனையவற்றைச் சீட்டுக் கருவி என்று தனியே வகுத்தனர். கண்ணாடிக்கடையில் ஆயத்தமாக விற்கும் வாசிப்புக் கண்ணாடிக்கும், வைத்தியர் அளந்து எழுதிய கண்ணாடிக்கும் உள்ள வேற்றுமைபோன்றது இது.

அளந்து பொருத்துதல் ஆடியோகிராம் எடுத்தவுடன் முடிந்துவிடுவதில்லை. இவ்விடத்தேதான் யான் ஏமாந்தேன். என் முதற் கருவியை விற்றவர் ஆடியோகிராமைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு பொத்தானை அழுத்தி, "சரியாக உள்ளதா ஐயா?" என்று கேட்டார். அமைதியான அறையில் அவர் எதிரிலிருந்து உரக்கக் கேட்டமையால், "சரி" என்றேன். பொருத்துதல் அத்துடன் முடிந்தது. ஒவ்வொருவர் காதுத்துளையும் நீளத்தாலும் வடிவாலும் வேறுபடுதலின், வாய்பாடு விதித்த ஒலிதான் செவிப்பறையை அடைகின்றதா என்று அங்கேயே அளந்து பார்த்தல் வேண்டும். மெல்லிய சிலிகோன் குழாய் ஒன்றைச் செவிப்பறையின் அருகே செலுத்தி, கருவியையும் அணிவித்து, மெல்லிய பேச்சு, இயல்பான பேச்சு, உரத்த பேச்சு ஆகிய மூன்றனையும் ஒலிக்கச்செய்து, விதித்ததும் கிடைத்ததும் ஒக்கின்றனவா என்று திரையில் காண்பர். இதற்கு ஒரு மணி நேரமும் ஆகாது. தொழிற்சாலை முதலில் அமைத்துக் கொடுக்கும் அளவு உயர்ந்த அதிர்வுகளில் பலர்க்கும் குறைபடவே நிற்கும். அஃதாவது, எங்கட்கு வேண்டிய மெய்யெழுத்துக்களே அங்கும் விடுபட்டுப்போகின்றன.

பின்பு வேறோர் ஊரில், பல்கலைக்கழகப் பட்டமும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் பெற்ற செவிப்புல நிபுணர் ஒருவரிடம் பழைய கருவியையே எடுத்துச்சென்றேன். அவர் குழாயிட்டு அளந்து, அமைப்பை மாற்றி, தொளதொளவென்றிருந்த ரப்பர் குமிழை நீக்கி, என் காதுக்கு அச்செடுத்து வார்ப்பு ஒன்று செய்து கொடுத்தார். கீச்சொலி நின்றது. பெருக்கிய ஒலி இடைவெளி வழியே கசிந்து மீண்டும் ஒலிவாங்கியுள் புகுவதே அக்கீச்சொலியின் காரணமாம். கருவி பழையது, விலையும் பழையது, கேள்வியோ புதிதாயிற்று. ஆதலின் கருவி வாங்கப்போகும் அன்பர் எவரும், "எத்தனை சானல்?" என்று கேட்குமுன், "செவிக்குள் குழாயிட்டு அளப்பீர்களா?" என்று கேட்பாராக. இல்லை என்பாராயின் வேறிடம் செல்க.

நிற்க. மின்னேற்றக் கருவியின் குணதோஷங்களைக் காண்போம். 1952-ஆம் ஆண்டு இறுதியில் டிரான்சிஸ்டர் பொருத்திய முதற் செவிக்கருவி விற்பனைக்கு வரும்வரை, மார்பிலும் இடுப்பிலும் பாட்டரியைச் சுமந்தே கேட்கவேண்டியிருந்தது. அதன்பின் பாட்டரி சிறுத்துச் சிறுத்து, துத்தநாகக் காற்றுப் பாட்டரி என்னும் வில்லையாயிற்று. இவற்றுள் 312 எனப்படும் அளவு 8 மில்லிமீட்டர் அகலங்கூட இல்லை. ஒட்டிய தாளை உரித்தவுடன் காற்றுப் புகுந்து வேலை தொடங்கும். அணிந்தாலும் அணியாவிடினும் தேய்ந்துகொண்டே போகும். ஒரு வாரம் நின்றால் நன்று. விரல் நடுங்கும் முதியவர்க்கு அதனை மாற்றுதல் ஊசியில் நூல் கோத்தலை ஒக்கும். தரையில் விழுந்த வில்லையைத் தவழும் குழந்தை விழுங்குமாயின் உயிர்க்கே இடையூறு. இக்குறைகளை நீக்க வந்ததே லிதியம் அயனிப் பாட்டரி உள்ளமைந்த கருவி. 2016 முதல் இது பரவலாயிற்று. இரவில் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் நிறைந்து, மறுநாள் முழுவதும் உழைக்கும். அவசரத்திற்கு அரைமணி ஏற்றினாலும் சில மணி நேரம் தாங்கும். கைந்நடுக்கமுடையோர், கண் மங்கியோர், பேரக்குழந்தைகள் உள்ள வீட்டினர் ஆகியோர்க்கு யான் ஐயமின்றி இதனையே பரிந்துரைப்பேன்.

ஆயின், விளம்பரத்தில் காணும் மணிக்கணக்கை அப்படியே நம்புதல் வேண்டா. தொலைபேசியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் ஒலியை நேரே வாங்கிக் கேட்குங்கால் சேமிப்பு விரைந்து செலவாகும். காலையில் அணிந்த கருவி இரவு ஒன்பது மணிக்கு, பகல் முழுதும் தாம் பயன்படுத்தும் முறையிலேயே பயன்படுத்தியும், விழித்திருக்கின்றதா என்று சோதனைக் காலத்திலேயே பார்த்துக்கொள்ளவேண்டும். மற்றொன்று, மின்சாரம். இரவில் மின்தடை ஏற்பட்டால் வில்லைப் பாட்டரிக்காரர் கவலையின்றி உறங்குவர். மின்னேற்றக்காரர் காலையில் செவிடராய் எழுவர். இதற்கென்றே, தன்னுள்ளும் ஒரு பாட்டரி கொண்டு, சுவர் மின்சாரமின்றியே மூன்று முறையளவு ஏற்றவல்ல சார்ஜர் பெட்டிகள் வருகின்றன. ஊர் ஊராய்ப் பிரசங்கத்திற்குச் செல்லும் எனக்கு அப்பெட்டி ஆடம்பரம் அன்று. ஒரு மாதிரியின் பெட்டி மற்றொரு மாதிரிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே கம்பெனியின் கருவிகளுக்குள்ளும் பொருந்தாதனவே பல. பெட்டி தொலைந்தால் தனியே கிடைக்குமா, என்ன விலை என்பதனை வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்க.

எல்லாவற்றினும் பெரிய வினா, நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. ஏற்றி இறக்கி வந்த பாட்டரி தளர்ந்து, மாலைவரை உழைத்தது நண்பகலிலேயே ஓயும். வில்லையாயின் நாமே மாற்றுவோம். இதுவோ பெரும்பாலான மாதிரிகளில் உள்ளேயே மூடி முத்திரையிடப்பட்டுளது. கம்பெனிக்கு அனுப்பியே மாற்றல் வேண்டும். உத்தரவாதம் முடிந்தபின் அதற்கு ஆகும் செலவு யாது, எத்தனை நாள் ஆகும், அந்நாட்களில் மாற்றுக்கருவி தருவரா? இவற்றிற்கு எழுத்தில் விடை தாராத கடையில் யான் வாங்கேன். செவிக்குறையை ஊனமாக ஏற்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இரு செவியிலும் 60 டெசிபெல் அளவினின்றே தொடங்குகின்றது. அதற்குக் கீழ்ப்பட்ட என்போன்றார் பலர் தம் கைப்பணத்தையே நம்பியிருத்தலின், இதனைச் சற்று அழுத்திச் சொல்கின்றேன்.

இனித் துணைக்கருவிகள். பெரும்பாலோர் இவற்றைக் கடைக்காரர் தலையில் கட்டும் உபரிச் சரக்கு என்றே எண்ணுவர். அவற்றுள் சில அவ்வாறானவையே. கைப்பேசியில் நிறுவும் செயலிகள் பலவகை வேடிக்கை காட்டும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் நாள் ஒன்றுக்கு ஒருமுறை தொடுவேன், அவ்வளவே. மாறாக, மெழுகுத்தடுப்பு எனப்படும் ஊசித்தலையளவான பொருள் இல்லையாயின் கருவியே இல்லை. கருவி இறந்தது என்று கடைக்கு எடுத்துச்செல்வனவற்றுள் பல, காதழுக்கு அடைத்து மூச்சுமுட்டியவையே. கருவியோடு வரும் சிறு தூரிகையால் துடைத்து, தடுப்பை மாற்றினால் உயிர்த்தெழும். நம் கடற்கரைப் பகுதிகளின் புழுக்கத்திற்கு உலர்பெட்டியும் இன்றியமையாதது. சிலிகா மணிகள் நிறம் மாறியதும் புதுப்பித்தல் வேண்டும். ஐபி68 என்னும் முத்திரை கண்டு, நீரில் நனைந்தாலும் நலமே என்று சிலர் அசட்டை செய்வர். அச்சோதனை நல்ல நீரில் நிகழ்ந்தது. நம் வேர்வையோ உப்புநீர்.

துணைகளுள் யான் தலைமை அளிப்பது தொலை ஒலிவாங்கிக்கே. அதன் காரணத்தை நம் பௌதிக மாணாக்கர் எளிதிற் காண்பர். வெட்டவெளியில் தூரம் இருமடங்காகுந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். பேசுவார் வாயினின்று 15 சென்டிமீட்டரில் உள்ள ஒலி, 2.4 மீட்டர் தொலைவில் அமர்ந்த என்னை அடைவதற்குள் நான்குமுறை இருமடங்கு தூரம் கடந்து 24 டெசிபெல் இழந்துவிடும். அறைக்குள்ளோ அவ்விழப்பு ஓரளவு குறையினும் எதிரொலி வந்து கலக்கும். விசிறியின் ஓசையும் பெஞ்சின் ஓசையும் தேய்வதில்லை. அவை என் பக்கத்திலேயே உள. எத்துணை உயர்ந்த கருவியாயினும் தன்னிடம் வந்துசேர்ந்த கலவையைப் பிரிக்கத்தான் முயலுமேயன்றி, வாராத சொல்லை வருவித்தல் அதற்கு இயலாது. பேசுவார் சட்டையில் ஒரு சிறு ஒலிவாங்கியைக் குத்திவிடின், என் செவி அவர் வாயருகே சென்று அமர்ந்ததற்கு ஒப்பாகும். நடுத்தரக் கருவியோடு இவ்வொலிவாங்கி சேர்ந்தது, தனித்த உயர்தரக் கருவியினும் வகுப்பறையில் எனக்கு மிகுதியாக உதவுவதை, இரண்டனையும் சோதனைக்கென வாங்கி அணிந்து பார்த்தே அறிந்தேன். பின்பு மின்னேற்றக் கருவிக்கு மாறியபொழுது, நடுத்தர வகையையே வாங்கி எஞ்சிய பணத்தை இதிலிட்டேன்.

மூளை தளராதிருக்கக் கருவி அணிக என்று இப்பொழுது விளம்பரங்கள் முழங்குகின்றன. அதனையும் அளவறிந்தே கொள்ளவேண்டும். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரையுள்ள 977 பேரை மூன்றாண்டு ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவில், எல்லோரையும் ஒருங்கே நோக்குமிடத்து, கருவி அணிந்தார்க்கும் அணியாதார்க்கும் அறிவுத்தளர்ச்சியில் வேற்றுமை காணப்படவில்லை. அத்தளர்ச்சிக்கு இலக்காகும் வாய்ப்பு மிகுந்திருந்த ஒரு பிரிவினரிடத்து மட்டும் அது 48 விழுக்காடு மெதுவாயிற்று. இரண்டாம் வாக்கியத்தை மட்டும் அச்சிடுவோர்க்கு முதல் வாக்கியம் தெரியாததன்று. தந்தையை இழந்த பிள்ளைக்கு "மகிழ்ச்சி" என்று சொல்லாதிருத்தல் எனக்குப் போதுமான காரணம்.

கல்லூரி அதிகாரிகட்கும் பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். நம் பேரவை மண்டபத்தில் புதிய ஒலிபெருக்கி அமைக்க நிதி திரட்டப்படுவதாக அறிகின்றேன். அத்துடன் தூண்டுவளையம் ஒன்றையும் சேர்க்குமாறு வேண்டுகின்றேன். தரையோரம் சுற்றிவரும் ஒரு கம்பி, மேடைப்பேச்சைக் காந்தப்புலமாக்கி, கருவியிலுள்ள டெலிகாயிலுக்கு நேரே கொடுக்கும். 1937-இலேயே இங்கிலாந்தில் இதற்கு உரிமைப்பட்டயம் பெற்றாயிற்று. கருவி வாங்கும் அன்பர்களும் டெலிகாயில் உள்ளதா எனக் கேட்டு வாங்குக; சிறியனவாகச் செய்யும் ஆசையால் மின்னேற்ற மாதிரிகள் பலவற்றில் அதனை விட்டுவிட்டனர். ஒரு கருவியினின்று பலர் செவிக்கு ஒருங்கே ஒலி அனுப்பும் ஆராகாஸ்ட் என்னும் புளூடூத் முறை 2022-இல் அறிவிக்கப்பட்டது. அது பரவும்வரை பழைய கம்பியே நம்பத்தக்கது. ஆண்டுதோறும் பழைய மாணவர் தினத்தில் முன்வரிசையில் அமர்ந்து, பிறர் சிரிக்கும்போது தாமும் சிரிக்கும் முதியோரை யான் எண்ணிப் பார்த்ததுண்டு. எனக்குத் தெரிந்தே ஒன்பதுபேர், பத்தாமவன் யான்.

அம்மாணவரைப்பற்றி ஒரு சொல். அவர் பட்டம் பெற்றுச் செல்லுமுன் அழைத்து, நிகழ்ந்ததைச் சொல்லிப் பொறுத்தருளுமாறு கேட்டேன். "ஐயாவுக்குக் கேட்கவில்லை என்று அன்றே தெரியும், மறுபடியும் சொல்லத்தான் எனக்கு வரவில்லை" என்றார். இப்பொழுது என் வகுப்பில் ஒலிவாங்கி மேசைமீது இருப்பதில்லை. பெஞ்சுதோறும் கைமாறிச் செல்கின்றது. சென்ற பருவத்தில் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவர் ஆகுபெயர்க்கும் அன்மொழித்தொகைக்கும் உள்ள எல்லையைப்பற்றி ஒரு வினா எழுப்பினார். ஒவ்வொரு மெய்யும் தெளிவாகக் கேட்டது. விடை அன்று எனக்குத் தெரியவில்லை. வாசகசாலைக்குச் சென்று பார்த்து மறுநாள் சொன்னேன்.